பழைய ஒரு இன்ச் டோப்போஷீட்டை வைத்துக் கண்மாய்கள் மாறியதைக் கணக்கிடுவது எப்படி?

ஏந்தல்காரன்:

வணக்கம். சிவகங்கையைச் சுற்றியுள்ள சில வருவாய் கிராமங்களில் கண்மாய், ஊருணி, வரத்துக்கால் எல்லாம் ஏறக்குறைய நூறு ஆண்டில் எப்படி மாறியிருக்கின்றன என்று பார்க்கிற வேலை. கையில் இருப்பவை மூன்று: சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய ஒரு இன்ச் டோப்போஷீட் (ஒரு மைலை ஒரு இன்ச்சாகக் காட்டும் நிலவரைபடத் தாள்) 58 கே/5, இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பதிப்பு, 300 டிபிஐ ஸ்கேன், அதே இடத்துக்கு 1:50,000 தாள், இன்றைய செயற்கைக்கோள் படம். மென்பொருள் கியூஜிஐஎஸ்.

நான்கு சிக்கல்கள்.

தாளின் நான்கு மூலைக்கும் அச்சிட்ட அட்சரேகை, தீர்க்கரேகையைத் தட்டச்சு செய்து, இபிஎஸ்ஜி 4326 (ஜிபிஎஸ் பயன்படுத்தும் ஆயமுறையின் எண்) கொடுத்து, தின் பிளேட் ஸ்ப்லைன் முறையில் (தாளை ரப்பர் போல வளைத்துப் புள்ளிகளில் பொருத்துவது) ஏற்றினேன். பிழை பூஜ்யம் என்று காட்டுகிறது. ஆனால் எந்தக் கண்மாய்க் கரையை எடுத்தாலும் தாளில் இருப்பது படத்தில் இருப்பதைவிட 200 மீட்டருக்கு மேல் தென்கிழக்கே தள்ளி உட்கார்ந்திருக்கிறது.

இன்று இருக்கிற ஊருணிகளில் பாதிக்கு மேல் பழைய தாளில் காணோம். அவை பிறகு வெட்டியவை என்று எழுதலாமா?

சில கண்மாய்க்கு நீல வண்ணம் இருக்கிறது, சிலவற்றுக்கு வெறும் கோடுதான். கோடு மட்டும் உள்ளவை அப்போதே தூர்ந்துபோனவையா?

ஒரு பெரிய கண்மாய் பழைய தாளில் 76 ஹெக்டேர் வருகிறது, இன்று 71. ஐந்து ஹெக்டேர் ஆக்கிரமிப்பு என்று சொல்லிவிடலாமா?

---

எவரெஸ்ட்1830:

முதல் சிக்கலுக்கு மட்டும் சொல்கிறேன். மற்றதற்கு இங்கே என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

தென்கிழக்கே 200 சொச்சம் மீட்டர் என்று நீங்கள் எழுதியதிலேயே நோய் தெரிந்துவிட்டது. அது டேட்டம் பிழை, அதாவது அட்சரேகை தீர்க்கரேகை எண்களுக்கு அடிப்படையான பூமி மாதிரி வேறாக இருப்பதால் வருவது. பழைய தாளின் கட்டங்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தை வைத்துப் போட்டவை, கூகுளும் ஜிபிஎஸ்ஸும் டபிள்யூஜிஎஸ் 84. ஒரே இடத்துக்கு இரண்டிலும் வேறு வேறு எண். பத்தாவது அட்சரேகைப் பக்கம் எவரெஸ்ட் எண்ணை அப்படியே டபிள்யூஜிஎஸ் 84 என்று எடுத்துக்கொண்டால் தெற்கே சுமார் 180 மீட்டர், கிழக்கே சுமார் 135 மீட்டர் நகரும். மூலைவிட்டமாகக் கூட்டினால் 225. நீங்கள் பார்த்தது அதுதான்.

இதற்குத் தாளைக் கையால் இழுத்து உட்காரவைக்க வேண்டாம். ஜியோரெஃபரென்சரில் (ஸ்கேனை அதன் இடத்தில் பொருத்தும் கருவி) இலக்கு ஆயமுறையாக இபிஎஸ்ஜி 4146, அதாவது காலியன்பூர் 1975, கொடுங்கள். புள்ளிகளையும் அதே முறையில் உள்ளிடுங்கள். புதிய கியூஜிஐஎஸ்ஸில் புள்ளி கொடுக்கும் பெட்டியிலேயே அந்த எண் எந்த ஆயமுறை என்று தனியாகக் கேட்கும். அங்கே 4326 என்று கிடந்தால் மேலே 4146 போட்டும் பயனில்லை.

அடுத்து, ப்ராஜெக்டை, மீட்டரில் அளக்கும் யுடிஎம் 44 வடக்குக்கு, அதாவது இபிஎஸ்ஜி 32644க்கு மாற்றும்போது எந்த டேட்டம் மாற்றம் வேண்டும் என்று ஒரு பட்டியல் வரலாம். 295, 736, 257 என்ற மூன்று எண் உள்ளதை எடுங்கள். ‘பால்பார்க்’ என்று எழுதியிருப்பதைத் தொடாதீர்கள். அது எதையும் நகர்த்தாது, மறுபடி பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். போருக்கு முந்தைய தாளுக்கு 1975 டேட்டம் பொருந்துமா என்ற சந்தேகம் நியாயமானது. வித்தியாசம் சில மீட்டர்தான். உங்கள் தாளில் பேனா கோட்டின் தடிமனே அதைவிட அதிகம்.

பூஜ்யப் பிழையைப் பார்த்து மகிழ வேண்டாம். தின் பிளேட் ஸ்ப்லைன் ஒவ்வொரு புள்ளியையும் கொடுத்த இடத்திலேயே ஆணியடித்து உட்காரவைக்கும். எண்ணைத் தப்பாகத் தட்டினாலும் பூஜ்யம்தான் காட்டும். நான்கு மூலை போதவும் போதாது. ஒரு இன்ச் தாள் 15 நிமிடத்துக்கு 15 நிமிடம். உள்ளே ஐந்து நிமிடத்துக்கு ஒரு கோடு. குறுக்கே நான்கு, நெடுக்கே நான்கு, மொத்தம் 16 சந்திப்புகள். பதினாறையும் எடுத்து, இரண்டாம் படி பாலினோமியல் (தாள் முழுதையும் ஒரே சமன்பாட்டால் பொருத்துவது) போடுங்கள். 300 டிபிஐ ஸ்கேனில் ஒரு பிக்சல் தரையில் சுமார் 5.4 மீட்டர். சராசரிப் பிழை 3 பிக்சலுக்குள் வந்தால் நல்ல தாள். ஒரே ஒரு புள்ளி மட்டும் 10, 15 பிக்சல் காட்டினால் அங்கே நிமிடத்தைத் தப்பாக அடித்திருப்பீர்கள், அல்லது தாளின் மடிப்பு ஓடுகிறது.

ஏற்றும்போது ரீசாம்பிளிங் (பிக்சல்களைப் புதிய இடத்தில் மறுபடி அடுக்குவது) ‘நியரஸ்ட் நெய்பர்’. க்யூபிக் போட்டால் பார்க்க வழுவழுப்பாக இருக்கும், ஆனால் நீலக் கோடும் கறுப்புக் கோடும் ஓரத்தில் கலந்து சாம்பலாகிவிடும்.

---

துணிஒட்டு:

மேலே சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். ஸ்ப்லைன் எப்போதும் கெட்டது இல்லை. நூலகங்களில் இருந்து வரும் பழைய தாள்கள் பல, துண்டு துண்டாக வெட்டித் துணியில் ஒட்டியவை, மடித்துப் பையில் வைக்கிற வசதிக்காக. துண்டுகளுக்கு இடையே ஒரு மில்லிமீட்டர், சில சமயம் இரண்டு, துணி தெரியும். ஒரு மில்லிமீட்டர் இந்த அளவுகோலில் 63 மீட்டர். அப்படிப்பட்ட தாளுக்கு ஒற்றைப் பாலினோமியல் போட்டால் இடைவெளிகளெல்லாம் தாள் முழுக்கப் பரவி எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் தப்பாகும். ஒன்று, துண்டு வாரியாக வெட்டி ஒவ்வொன்றையும் தனியாக ஏற்ற வேண்டும். இல்லையென்றால் ஸ்ப்லைன் போட்டு ஒவ்வொரு துண்டிலும் குறைந்தது நான்கு புள்ளி கொடுக்க வேண்டும்.

உங்கள் ஸ்கேனில் துணி இடைவெளி தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். வெட்டாத தாள் என்றால் எளிய சோதனை ஒன்று உண்டு. அந்த அட்சரேகையில் 15 நிமிடத் தாளின் உள்சட்டம் நெடுக்கே ஏறக்குறைய 43.6 செ.மீ., குறுக்கே 43.3 செ.மீ. வர வேண்டும். மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிட 0.3 மில்லிமீட்டர் குறுகியிருக்கும். அது பூமி வடக்கே குறுகுவதால் வருவது, பிழையில்லை. நெடுக்கும் குறுக்கும் வேறு வேறு விகிதத்தில் சுருங்கியிருந்தால் தாள் ஈரத்தில் இழுத்திருக்கிறது, அல்லது ஸ்கேனரின் உருளை ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. முதல் படி பாலினோமியலே அதைச் சரிசெய்துவிடும்.

எந்த முறையானாலும் சரி, ஏற்றியதற்குப் பயன்படுத்தாத எட்டுப் பத்துப் புள்ளிகளை வைத்துத் தனியாகச் சரிபாருங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சாலைச் சந்திப்பு வேண்டாம், அது நகர்ந்திருக்கும். ஆற்றங்கரை வேண்டவே வேண்டாம். பழைய கண்மாய்க் கரை திடீரென்று முழங்கையாக மடங்குகிற இடம், பாறை உச்சியில் முக்கோணக் குறி போட்ட சர்வே நிலையம், பெரிய கோயில், பழைய ரயில்பாலம், இவை நம்பலாம். நூறு ஆண்டில் கரையை உயர்த்துவார்கள், அகலப்படுத்துவார்கள். இடம் மாற்றிக் கட்டுவது அபூர்வம்.

---

கலுங்கடி:

சார், இரண்டாவது மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

ஊருணி விஷயத்தில் அவசரப்படாதீர்கள். 40 மீட்டர் அகலமுள்ள ஊருணி ஒரு இன்ச் தாளில் 0.6 மில்லிமீட்டர். வரைகிறவர் அதைப் போட்டால் அது ஒரு நீலப் புள்ளி. பக்கத்தில் ஊர்ப் பெயர், கோயில் குறி, வண்டிப்பாதை எல்லாம் நெருக்கினால் முதலில் பலியாவது அந்தப் புள்ளிதான். ஆகவே ‘பழைய தாளில் இல்லை’ என்பதற்குப் ‘பழைய தாளில் போடவில்லை’ என்று மட்டுமே பொருள். ‘அப்போது இருக்கவில்லை’ என்று எழுதினால் ஊர்க்காரர் ஒருவர் கல்வெட்டோடு வந்து நிற்பார்.

தலைகீழாகப் பார்த்தால் சங்கதி வேறு. பழைய தாளில் இருந்து இன்று இல்லாத ஒன்று என்றால் அது வலுவான சான்று. சர்வேயர் இல்லாத குளத்தை வெயிலில் நின்று கற்பனையாக வரைய மாட்டார். ஆகவே இழப்பைக் கணக்கிட இந்தத் தாள் உதவும், புதிதாக வந்ததைக் கணக்கிட உதவாது. இந்த இரண்டையும் ஒரே அட்டவணையில் கூட்டிக் கழித்து நிகர மாற்றம் என்று போடுகிற பழக்கம் இருக்கிறது பாருங்கள், அது தப்பு.

நீலம், வெறுங்கோடு பற்றி: குறிவிளக்கத்தில் குளத்துக்கு இரண்டு வகை உண்டு, ஆண்டு முழுதும் நீர் நிற்பது, வற்றுவது. வெறும் கோடு என்றால் வற்றுகிற கண்மாய், தூர்ந்தது அல்ல. நம் பக்கம் வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி சித்திரைக்குள் வற்றுவதுதான் பெரும்பாலான கண்மாய்களின் வழக்கம். ஆகவே நீலம் இல்லாததே இயல்பு. எது வற்றாதது என்பதை முடிவு செய்ததில் சர்வேயர் எந்த மாதத்தில் வந்தார், யாரிடம் கேட்டார் என்பதெல்லாம் கலந்திருக்கும். ஒரு தாளில் நீலம், பக்கத்துத் தாளில் அதே மாதிரிக் கண்மாய்கள் வெறுங்கோடு என்று இருந்தால், விளிம்போரமாக ஓடிப் பாருங்கள். வித்தியாசம் தாள் விளிம்பில் கத்தி வெட்டின மாதிரி நின்றால் அது நிலத்தின் வேறுபாடு இல்லை, இரண்டு சர்வே குழுக்களின் வேறுபாடு. 58 கே/5க்கு மேலே மேலூர்ப் பக்கம் 58 ஜே/8, கீழே மானாமதுரைப் பக்கம் 58 கே/6. மூன்றையும் ஒட்டிப் பாருங்கள்.

(எண் எப்படி வருகிறது என்று கேட்பவர்களுக்கு: 58 என்பது 8 முதல் 12 பாகை வடக்கு, 76 முதல் 80 பாகை கிழக்கு. அதை ஒரு பாகைச் சதுரங்களாக ஏ (A) முதல் பி (P) வரை பதினாறாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மறுபடி பதினாறாகப் பிரிப்பார்கள். எண்ணுவது வடமேற்கு மூலையில் தொடங்கி மேலிருந்து கீழ், பிறகு அடுத்த பத்தி. இடமிருந்து வலமாக எண்ணினால் வேறு ஊர்த் தாளை வாங்கிக்கொண்டு வருவீர்கள்.)

வேறு சில குறிகள் உங்கள் வேலைக்கு உதவும். கரைமேல் ஒரு சிறு எண்ணும் பக்கத்தில் ஆங்கில ‘ஆர்’ எழுத்தும் இருந்தால் அது கரையின் சார்பு உயரம். பழைய தாளில் அடி, 1:50,000 தாளில் மீட்டர். 10 அடி என்பதையும் 3 மீட்டர் என்பதையும் பார்த்து ‘கரை தேய்ந்து மூன்றில் ஒரு பங்காகிவிட்டது’ என்று எழுதிவிடாதீர்கள். சமவுயரக் கோட்டுக்கும் இதே கதை: பழைய தாளில் 50 அடி இடைவெளி, புதியதில் 20 மீட்டர். நம் பக்கத் தட்டை நிலத்தில் இரண்டு கோட்டுக்கு நடுவே பல கண்மாய்கள் முழுதாக உட்கார்ந்துவிடும். கோட்டை வைத்து நீர்ப்பிடிப்பு எல்லை வரைய முயல வேண்டாம்.

பனைக்குத் தனிக் குறி உண்டு. அதைத் தவறவிடாதீர்கள், கரையோரப் பனை வரிசை பல தாள்களில் தெரியும். ஆனால் மரத்தை எண்ணிப் போட்டதில்லை, ‘இங்கே பனை உண்டு’ என்பதற்கான அடையாளம் மட்டுமே. மஞ்சள் வண்ணம் சாகுபடி நிலம்; அதில் நஞ்சை எது புஞ்சை எது என்று பிரிக்க முடியாது. ஆளில்லா ஊருக்குத் தனிக் குறி இருக்கிறது. ஏந்தல் (சிறு கண்மாய்) என்று முடிகிற பெயரோடு ஆளில்லா ஊர் ஒன்று கிடைத்தால் பக்கத்தில் கண்மாயின் கதி என்ன என்று அவசியம் பாருங்கள்.

---

ஏந்தல்காரன்:

மிக்க நன்றி. 4146, பதினாறு புள்ளி, இரண்டாம் படி போட்டு மறுபடி ஏற்றினேன். பிழை 2.8 பிக்சல். கரைமுழங்கைகளில் பார்த்தால் 10 முதல் 25 மீட்டருக்குள் உட்காருகிறது. துணி ஒட்டு இல்லை, முழுத்தாள்தான்.

76க்கும் 71க்கும் யாராவது சொல்லுங்கள். இன்னொன்று, முல்லைப் பெரியாறு அணையின் நீர் வருவதற்கு முன்னால் இந்தப் பகுதி எப்படி இருந்தது என்று இந்தத் தாளிலேயே பார்க்க முடியுமா?

---

மில்லிமீட்டர்:

76க்கும் 71க்கும் நடுவே இருப்பது ஆக்கிரமிப்பு இல்லை, பேனா.

கணக்கைக் கிட்டத்தில் பார்ப்போம். அந்தக் கண்மாய் தாளில் கரை நீளம் 22 மில்லிமீட்டர், நடுவில் ஆழம் 11 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அரைவட்ட வடிவம். தரையில் கரை 1,394 மீட்டர், ஆழம் 697 மீட்டர், பரப்பு ஏறக்குறைய 76 ஹெக்டேர், உங்கள் எண்ணேதான். சுற்றளவு 3,580 மீட்டர் வரும். வரைந்த கோடு, அச்சு நகர்வு, ஸ்கேன், உங்கள் மவுஸ் எல்லாம் சேர்ந்து 0.3 மில்லிமீட்டர் தவறு என்று வைத்தாலும் அது தரையில் 19 மீட்டர். சுற்றளவு முழுக்க 19 மீட்டர் உள்ளே அல்லது வெளியே போனால் 6.8 ஹெக்டேர். ஆக உங்கள் பழைய எண் 76, கூட்டிக் குறைத்து 7. இன்றைய 71 அதற்குள்ளேயே விழுகிறது. ஏக்கரில் சொன்னால் 188க்கு 17 ஏக்கர் ஏறலாம் இறங்கலாம்.

சின்னக் கண்மாய்க்கு இது இன்னும் மோசம். 5 ஹெக்டேர் கண்மாய்க்கு இதே கணக்குப் போட்டால் மூன்றில் ஒரு பங்கே பிழையாக வந்துவிடும். ஆகவே சின்னவற்றுக்குப் பரப்பு ஒப்பீடே வேண்டாம். இருக்கிறது, இல்லை, பாதி மூடியிருக்கிறது என்ற மூன்றே வகை போதும்.

அடுத்து, எந்தக் கோட்டை எதோடு ஒப்பிடுகிறீர்கள்? பழைய தாளில் கண்மாயின் மேல்பக்க விளிம்பு நீர் முழுதாக நிற்கும்போது எட்டும் இடம் என்று ஓரளவு எடுத்துக்கொள்ளலாம். செயற்கைக்கோள் படத்தில் நீங்கள் வரைந்தது அன்றைய நீர். பிப்ரவரி படத்தை எடுத்தால் ஒரு அளவு, ஜூன் படத்தை எடுத்தால் முள்காடு. நிரம்பிய ஆண்டின் டிசம்பர், ஜனவரிப் படத்தைத் தேடி எடுங்கள். சென்டினல் 2 படங்கள் 2015 முதல் கிடைக்கும், 10 மீட்டர் பிக்சல். லேண்ட்சாட் 5 என்றால் 1984 முதல், 30 மீட்டர். மேகம் வடகிழக்குப் பருவத்தில் தொல்லை கொடுக்கும், ஐந்தாறு ஆண்டுகளின் ஜனவரிகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தேறும்.

வரையும்போது கரையை ஒரு கோடாகவும் நீர்ப்பரப்பை ஒரு பரப்பாகவும் தனித்தனி லேயரில் வையுங்கள். கரை நகராது, நீர் நகரும். இரண்டையும் ஒரே பாலிகனாக வரைந்தால் பிறகு எது மாறியது என்று பிரிக்க முடியாது. சாலையின் அகலத்தை அளக்கவே அளக்காதீர்கள். தாளில் முக்கால் மில்லிமீட்டருக்கு வரைந்த சாலை தரையில் 48 மீட்டர் ஆகிவிடும். அது குறி, அளவு இல்லை.

---

எவரெஸ்ட்1830:

பெரியாறு கேள்விக்கு: அணை முடிந்தது 1895. ஒரு இன்ச் நவீன வரிசைத் தாள்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகு அளந்தவை. பெரியாறுக்கு முந்தைய நிலை வேண்டுமென்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டு அட்லஸ் தாள்களையோ மதராஸ் ரெவின்யூ சர்வேயின் தாலுகா வரைபடங்களையோதான் தேட வேண்டும்.

அவற்றில் ஒரு பொறி இருக்கிறது. பழைய தாள்களின் தீர்க்கரேகை, மதராஸ் வானாய்வகத்துக்கு அன்று வைத்திருந்த மதிப்பின் மேல் கட்டியது. பின்னால் தந்தி மூலம் நேரத்தை ஒப்பிட்டுச் சரியான மதிப்பு கண்டபோது எல்லாத் தீர்க்கரேகையிலும் 2 நிமிடம் 27 விநாடி கழிக்க வேண்டியதாயிற்று. நம் அட்சரேகையில் அது ஏறக்குறைய நாலரை கிலோமீட்டர். சில தாள்களின் ஓரத்திலேயே இந்தத் திருத்தத்தைக் குறிப்பாகப் போட்டிருப்பார்கள், சிறிய எழுத்தில். அதைப் படிக்காமல் ஏற்றினால் கண்மாய் பக்கத்து ஊருக்குப் போய்விடும். முதலில் தீர்க்கரேகையில் 2'27" கழித்து, பிறகு 4146, பிறகு டபிள்யூஜிஎஸ். இந்த வரிசையில்.

காலம் தெரியாத தாள் கையில் கிடைத்தால் ரயில்பாதையைப் பாருங்கள். மதுரையிலிருந்து மானாமதுரை வழியாக மண்டபம் போகும் பாதை 1902இல் திறந்தது. அது இல்லாத தாள் என்றால் அளந்தது அதற்கு முன். ஆனால் தலைகீழ் செல்லாது! பழைய சர்வேயின் மேல் ரயிலையும் சாலையையும் மட்டும் சேர்த்து மறுபதிப்பு போடும் வழக்கம் உண்டு. ஓரத்தில் அளந்த ஆண்டு, பதிப்பு ஆண்டு, திருத்திய ஆண்டு என்று இரண்டு மூன்று இருக்கும். உங்கள் கண்மாய்களுக்கு உரியது அளந்த ஆண்டு மட்டுமே. ஆண்டைத் தாள் முழுக்க ஒன்றாக எடுக்கவும் வேண்டாம். தாளின் அடியில் சின்னக் கட்டம் ஒன்றில் எந்தப் பகுதியை எப்போது அளந்தார்கள் என்று பிரித்துக் காட்டியிருந்தால் அதைத் தனி லேயராகவே வரைந்துகொள்ளுங்கள்.

---

லிங்க்கணக்கு:

ஊருணிக்கும் வரத்துக்காலுக்கும் டோப்போஷீட்டைக் கட்டிக்கொண்டு அழுவதில் பயனில்லை அண்ணே. அதற்குரியது கிராம வரைபடம். பழைய கிராம வரைபடங்கள் ஒரு மைலுக்கு 16 இன்ச், அதாவது ஒரு இன்ச்சுக்கு 330 அடி. ஒரு மில்லிமீட்டர் நான்கு மீட்டர்கூட இல்லை. மேலே சொன்ன 40 மீட்டர் ஊருணி இதில் 10 மில்லிமீட்டர். வரத்துக்காலுக்குத் தனிப் புல எண்ணே இருக்கும்.

இதில் அட்சரேகை தீர்க்கரேகை இருக்காது. ஏற்றுவதற்கு மூன்று கிராம எல்லைகள் கூடும் இடத்துக் கற்களைப் பிடியுங்கள். ஒரு கிராமத்துக்கு அப்படி ஐந்தாறு கிடைக்கும், கல் இன்றும் நிற்கிற இடங்களில் ஜிபிஎஸ் எடுத்துக்கொள்ளலாம். கல் போன இடத்தில் கண்மாய்க் கரையும் புல எல்லையும் கூடும் முனை கைகொடுக்கும். ஒவ்வொரு கிராமத்தையும் தனியாக ஏற்றுங்கள். ஒட்டிப் பார்த்தால் எல்லையில் ஐந்து பத்து மீட்டர் இடைவெளியோ மேலேறலோ இருக்கும். அதை இழுத்துச் சேர்க்காதீர்கள், அப்படியே விடுங்கள்.

புல அளவுப் புத்தகத்தில் (எஃப்எம்பி) பழைய அளவுகள் லிங்க்கில் இருக்கும். 100 லிங்க் ஒரு செயின், 66 அடி, 20.1168 மீட்டர். 1,000 சதுர லிங்க் ஒரு சென்ட். இதை அடி என்று படித்தால் பரப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடும். மறுபதிப்பான எஃப்எம்பி மீட்டரில் இருக்கும். இரண்டும் ஒரே கட்டில் கலந்து கிடந்தால் எது எது என்று பார்த்துத்தான் கூட்ட வேண்டும்.

இதோடு அ-பதிவேட்டில் (கிராமத்தின் நில வகைப்பாட்டுப் பதிவேடு) அந்தப் புல எண் கண்மாய்ப் புறம்போக்கா, ஊருணியா, வாய்க்காலா, தரிசா என்று பாருங்கள். பழைய செட்டில்மென்ட் பதிவேட்டின் புல எண்ணும் இன்றைய புல எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, உட்பிரிவாகப் பிரிந்திருக்கும். ஒத்துப்பார்க்கும் பட்டியல் இல்லாமல் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட்டால் ஊருணி இருந்த இடத்தில் யாரோ ஒருவரின் பட்டா நிலத்தைக் குற்றம் சாட்டுவீர்கள். பதிவேடு சொல்வது வகைப்பாடு, தரையில் என்ன இருந்தது என்பதல்ல என்பதும் மனதில் இருக்கட்டும். தண்ணீரே பார்க்காத ஊருணிப் புறம்போக்கும் உண்டு, பட்டா நிலத்தில் நூறு ஆண்டாக நிற்கிற குட்டையும் உண்டு.

---

கலுங்கடி:

ஒரு விட்டுப்போன விஷயம். ஒரு இன்ச் தாளுக்கும் 1984 லேண்ட்சாட்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. 1:50,000 தாள் ஒரு படி. இன்னொன்று கொரோனா உளவுப் படங்கள். அமெரிக்கா 1960 முதல் 1972 வரை எடுத்து 1995இல் பொதுவில் விட்டவை. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனமான யுஎஸ்ஜிஎஸ்ஸின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் ஏற்கெனவே ஸ்கேன் செய்த சட்டங்களை இலவசமாக இறக்கலாம். கடைசி வகையான கேஎச்-4பி என்றால் இரண்டு மீட்டர் அளவுக்குத் தெளிவு. கண்மாய், கரை மரம், வரப்பு எல்லாம் தெரியும்.

ஆனால் அது நீளப் பட்டையாக, பக்கவாட்டில் கேமரா சுழன்று எடுத்த படம். நடுவில் ஒரு அளவு, ஓரத்தில் ஒரு அளவு. முழுப் பட்டையையும் ஒரே தடவையில் ஏற்ற முயன்றால் கோணிக்கொள்ளும். உங்கள் கிராமங்கள் இருக்கிற 10, 15 கிலோமீட்டர் துண்டை மட்டும் வெட்டி, 25, 30 கரை முனைகளும் பாறைகளும் பிடித்து ஸ்ப்லைன் போடுங்கள். இங்கே ஸ்ப்லைன் சரி. இறக்குவதற்கு முன் முன்னோட்டப் படத்தில் மேகத்தைப் பாருங்கள், மாதத்தையும் பாருங்கள். மே மாதப் படத்தில் கண்மாய் எல்லாம் வெளுத்துக் கிடக்கும். எல்லை தெரியும், நீர் தெரியாது. சீமைக்கருவேலம் எப்போது கண்மாய்க்குள் இறங்கியது என்று பார்க்க அதே மே மாதப் படம்தான் வேண்டும், ஏனென்றால் எல்லாம் காய்ந்த காலத்தில் பச்சையாக நிற்பது அது ஒன்றுதான். கறுப்பு வெள்ளைப் படத்தில் கரும்புள்ளியாகத் தெரியும். கரையோர நாட்டுக் கருவையோடு குழம்பாமல் இருக்க, கண்மாயின் நடு உள்வாயை (நீர் நிற்கும் உட்பகுதியை) மட்டும் கணக்கில் எடுங்கள்.

---

மில்லிமீட்டர்:

அட்டவணை போடும்போது ஒவ்வொரு கண்மாய்க்கும் இவற்றையாவது தனிப் பத்தியாக வையுங்கள்: தாள் எண், அளந்த ஆண்டு, தாளில் அச்சான பெயர் எழுத்து எழுத்தாக, இன்றைய பெயர், நீலமா கோடா, பரப்பு, அந்தப் பரப்பின் பிழை, நம்பகம் ஒன்றா இரண்டா மூன்றா. பெயர் விஷயத்தில் முதலிலேயே திருத்தி எழுதிவிடாதீர்கள். ஆங்கில எழுத்தில் அவர்கள் ‘கண்மோய்’ என்றுதான் அடித்திருப்பார்கள், ஊர்ப் பெயரும் அப்படியே உருண்டிருக்கும். அந்த உருண்ட வடிவத்தில்தான் பழைய கோப்பில் தேட முடியும்.

பரப்பு வித்தியாசம் இரண்டு பிழைகளின் கூட்டைத் தாண்டினால் மட்டும் ‘மாறியது’ என்று எழுதுங்கள். தாண்டாதவற்றுக்கு ‘அளவில் தெரியவில்லை’.

---

ஏந்தல்காரன்:

புரிந்தது. 76, 71 கண்மாயை ‘அளவில் தெரியவில்லை’க்கு மாற்றிவிட்டேன். ஆனால் அதே கண்மாயின் வடமேற்கு மூலையில் பழைய தாளிலும் 1:50,000 தாளிலும் ஒரு வரத்துக்கால் உள்ளே வந்து சேர்கிறது. இன்றைய படத்தில் அந்த இடத்தில் 400 மீட்டருக்கு மனைப்பிரிவு. இதைப் பரப்பில் சேர்க்காமல் தனியாக ‘வரத்து துண்டிப்பு’ என்று போடலாம்தானே?

---

லிங்க்கணக்கு:

போடலாம், அதுதான் உங்கள் பட்டியலிலேயே கனமான வரியும்கூட. இரண்டு தாளிலும் ஒரே இடத்தில் வருகிறதென்றால் 400 மீட்டர் என்பது பேனா பிழையில்லை. கிராம வரைபடத்தில் அந்தக் காலின் புல எண்ணை எடுத்து, அ-பதிவேட்டில் இன்னும் வாய்க்கால் புறம்போக்காக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு முறை நேரில் போய், மனைப்பிரிவின் சாலைக்கு அடியில் குழாய் ஏதும் பதித்திருக்கிறார்களா, மழைநீர் பக்கத்தில் வேறு வழியாகச் சுற்றி வந்து சேர்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். மேலிருந்து எடுத்த படத்தில் குழாய் தெரியாது.